சிரிப்பை வெட்டினால் வித்தையும் வெட்டுப்படும்: தொலைக்காட்சி நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு நகைச்சுவை மேஜிக் கலைஞரின் திறந்த மடல்

பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும், இயக்கும், தொகுக்கும் மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் 22 ஆண்டுகளாக நகைச்சுவை மேஜிக் செய்து வருகிறேன். அதில் பெரும்பகுதி தொலைக்காட்சி அரங்குகளில் கழிந்திருக்கிறது. உங்களில் பலருடன் பணியாற்றியிருக்கிறேன். நான் ஒருநாளும் நேரில் சந்திக்க முடியாத எத்தனையோ குடும்பங்களின் வரவேற்பறைக்குள் என் வித்தை போய்ச் சேர்ந்தது உங்களால்தான் என்பதை நான் மறக்கவில்லை. அந்த நன்றியோடுதான், ஒவ்வொரு படப்பிடிப்பின்போதும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, சில இடங்களில் ஏற்கப்பட்டும் பல இடங்களில் அவசரத்தில் கைவிடப்பட்டும் போன ஒரு வேண்டுகோளை உங்கள் அனைவருக்கும் ஒன்றாக எழுதுகிறேன். நகைச்சுவை மேஜிக்கில் சிரிப்பு ஒரு பக்கம், வித்தை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்து, சிரிப்புப் பகுதியை உங்கள் வசதிக்கேற்பச் சுருக்காதீர்கள். வித்தை நிகழும் பகுதியை, கலைஞரின் முகமும் கைகளும் கேமராவின் ஒரே காட்சிச் சட்டத்துக்குள் இருக்கும்படி, இடையில் வெட்டாமல் காட்டுங்கள்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்வைச் சொல்லிவிடுகிறேன். எந்த நிகழ்ச்சி, எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் அனைவரும் என்னை அன்பாகவே நடத்தினார்கள். மேலும் நடந்தது ஒரு நிறுவனத்தின் தனித் தவறும் அல்ல, இந்தத் தொழிலில் எங்கும் ஊறிப்போன பழக்கம்.

பார்வையாளர் ஒருவரின் மோதிரத்தை வாங்கி மறையச் செய்யும் உருப்படி அது. மோதிரம் மறைகிறது, திரும்ப வரவேண்டிய இடத்தில் வரவில்லை. நான் பதறுகிறேன். கோட்டுப் பைகளைத் துழாவுகிறேன். முதலில் ஒரு பஞ்சுப் பந்து வருகிறது, அடுத்து இழுக்க இழுக்க நீளும் கைக்குட்டை, அதன் பிறகு மணியடித்துக்கொண்டே ஓர் அலாரக் கடிகாரம். அரங்கம் சிரிக்கிறது. மோதிரத்தைக் கொடுத்தவரும் சிரிக்கிறார், ஆனால் அவர் கண்ணில் ஒரு சிறு கவலையும் இருக்கிறது. அந்தக் கலவைதான் இந்த உருப்படியின் உயிர். ஏறத்தாழ நான்கு நிமிடம் நீளும் இந்தத் தேடலின் முடிவில், வீட்டில் போய்த் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கிளம்புவதற்காக என் சாவிக்கொத்தை எடுக்கிறேன். சாவிகளுக்கு நடுவே, வளையத்தில் கோத்தபடி அந்த மோதிரம் தொங்குகிறது. படப்பிடிப்பு நாளில் அரங்கத்தில் ஒரு நொடி முழு அமைதி நிலவியது. அதற்குப் பிறகுதான் கைதட்டல் எழுந்தது. இந்த உருப்படியை இப்படிச் செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

ஒளிபரப்பில் அந்த நான்கு நிமிடம் 18 நொடியாகியிருந்தது. மோதிரம் மறைந்தது, கடிகாரம் ஒருமுறை அடித்தது, உடனே சாவிக்கொத்து வந்துவிட்டது. அதுவும், நான் சாவிக்கொத்தை வெளியே எடுக்கும் அந்தக் கணத்தில் என் கை திரையில் இல்லை. வாயைப் பொத்தி வியக்கும் ஒரு பெண்ணின் முகம் திரையை நிறைத்திருந்தது. அவர் அப்படி வியந்தது அதே நாளில் வேறொருவர் பாடிய பாட்டுக்கு. அடுத்த வாரம் என்னைச் சந்தித்த ஒருவர், என்னைப் பாராட்டும் நோக்கத்தோடுதான், "ரொம்ப நல்லா இருந்தது, எடிட்டிங்கில் பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள்" என்றார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. திரையில் கண்டதைக்கொண்டு நேர்மையாகச் சிந்திக்கும் எவரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்.

அந்த நான்கு நிமிடத்தை வெட்டிய தொகுப்பாளர், சாரத்தை வைத்துக்கொண்டு சக்கையை நீக்கியதாகவே நினைத்திருப்பார். மறைவதும் தோன்றுவதும்தான் வித்தை, நடுவில் வருவது வெறும் வேடிக்கை என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இயல்பாகத் தோன்றும் கணக்கு. உண்மையில் அந்த நடுப்பகுதிதான் வித்தையைத் தாங்கி நிற்கிறது. ஒரு பொருள் மறைவதற்கும் அது மீண்டும் தோன்றுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிகிறதோ, அந்த அளவுக்குப் பார்ப்பவரின் நினைவில் காரண காரியச் சங்கிலி தளர்ந்துவிடுகிறது. எப்போது எந்தக் கை எங்கே இருந்தது என்பதை அவர் மனம் திரும்பத் தேடிப் போகும்போது, வழியில் பஞ்சுப் பந்தும் கைக்குட்டையும் கடிகாரமும்தான் தட்டுப்படுகின்றன. சிரிக்கும்போது மனிதர்கள் கூர்ந்து கவனிப்பதைச் சற்று விட்டுவிடுகிறார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. சிரித்து ஓய்ந்து, தலையை நிமிர்த்தி, அடுத்து என்ன என்று பார்க்கும் அந்த இடைவெளியில்தான் எங்கள் வேலை நடக்கிறது. ஆகவே சிரிப்பை எடுத்துவிட்டால் வித்தை மெலிவதோடு நிற்காது. சில சமயங்களில் அம்பலமாகிவிடும், பல சமயங்களில் கேமரா வேலையாகத் தோன்றிவிடும். எனக்கு இந்த இரண்டாவதுதான் கூடுதல் வலி தருவது.

தமிழில் இந்தக் கலைக்குச் செப்படி வித்தை என்ற பழைய பெயர் உண்டு. கிண்ணம் போன்ற சிறு செப்புகளைக் கவிழ்த்து வைத்து, அடியில் உள்ள பந்துகளை இடம் மாற்றிக் காட்டும் வித்தையிலிருந்து வந்த பெயர் அது. கண்கட்டு வித்தை என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. இந்தப் பெயரில் உள்ள கட்டு, பார்ப்பவரின் கண் திறந்திருக்கும்போதே விழுவது. கேமராவை வேறு பக்கம் திருப்பிவிட்டால் கட்டுவதற்குக் கண்ணே இருக்காது.

முகமும் கையும் ஒரே சட்டத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்பதை இயக்குநர்கள் பலர் கலைஞனின் பிடிவாதம் என்று எண்ணுகிறார்கள். கையில்தானே வித்தை நடக்கிறது, கைக்கு குளோசப் வைத்தால் நேயர் இன்னும் தெளிவாகப் பார்ப்பாரே என்று அவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். இதற்கு ஆய்வுகளிலேயே விடை இருக்கிறது. 2006-இல் உளவியலாளர்கள் குஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் இருவரும் வெளியிட்ட ஓர் ஆய்வில், பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்யும் எளிய வித்தையைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். வித்தைக்காரர் இல்லாத பந்தைத் தன் பார்வையால் மேல்நோக்கித் தொடர்ந்தபோது, பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே சென்று காற்றில் மறைந்ததைத் தாங்கள் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கை அசைவு இரண்டிலும் ஒன்றுதான்; மாறியது முகமும் பார்வையும் மட்டுமே. குஸ்டாவ் குன் தாமே வித்தை பயின்றவர் என்பதால் எங்கே தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கைக்கு மட்டும் குளோசப் வைக்கும்போது, வித்தையில் பாதியையோ அதற்கு மேலோ சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறீர்கள். நகைச்சுவை வித்தையில் இந்த இழப்பு இரட்டிப்பாகிறது, ஏனெனில் நேயர் சிரிப்பதும் அதே முகத்தைப் பார்த்துத்தான்.

இது தொலைக்காட்சிக்குப் புதிய பாடமும் அல்ல. அமெரிக்காவில் மார்க் வில்சன் 1960-இல் நாடு முழுவதற்குமான வாராந்தர மேஜிக் தொடரைத் தொடங்கியபோது, நேரடிப் பார்வையாளர்கள் முன்னிலையில் மட்டுமே செய்வது, வித்தை நடந்துகொண்டிருக்கும்போது கேமரா வேறு எங்கும் விலகாமல் இருப்பது என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தார். வீடியோ நாடா அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. எதையும் நிறுத்தி, மாற்றி, ஒட்டிக் காட்டலாம் என்ற ஐயம் பார்ப்பவர் மனத்தில் முளைக்கும் முன்பே அதற்கு விடை தயாரித்துவிட்ட அவருடைய தொலைநோக்கை நான் இன்றும் வியக்கிறேன். அந்தத் தொடர் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் சிறுவன்கூட ஒரு காணொளியை வெட்டி ஒட்டி மனிதனை மறையச் செய்துவிடுவான். திரையில் தெரியும் எதையும் நம்பாத தலைமுறைக்கு முன்னால் நாம் நிற்கிறோம். அவர்களிடம் எங்களுக்கு இருக்கும் ஒரே சான்று, வெட்டப்படாத அந்த ஷாட்தான்.

பார்வையாளர்களின் முகத்தைக் காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு மனிதர் உண்மையாக வியக்கும் முகத்தைவிட அழகான காட்சி எனக்குத் தெரிந்து தொலைக்காட்சியில் வேறில்லை. ஆனால் அது அதே கணத்துக்குரிய முகமாக இருக்க வேண்டும். ஒருமுறை, வித்தை முடிந்து அரங்கம் கைதட்டி ஓய்ந்த பிறகு, கேமரா சரியாகப் பிடிக்கவில்லை என்பதால், மேடைக்கு வந்திருந்த அம்மையாரிடம் "இன்னொரு தடவை ஆச்சரியப்படுங்கள்" என்று கேட்டார்கள். அவர் ஒத்துழைக்க விரும்பி மூன்று முறை முயன்றார். ஒவ்வொரு முறையும் அவர் முகம் மேலும் மேலும் செயற்கையாகிக்கொண்டே போனது. கடைசியில் அவரே என்னிடம் திரும்பி, "எனக்கு நடிக்க வராது, மன்னித்துவிடுங்கள்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமே அல்ல அது. சற்று முன்பு அவருக்கு நேர்ந்தது ஒரே ஒருமுறை மட்டுமே நேரக்கூடியது. அதற்காக ஒரு கேமராவை முன்கூட்டியே அவர் மீது நிறுத்தி வைத்திருந்தால் போதும்.

சிரிப்பொலி குறித்தும் இதையே சொல்வேன். 1950-களில் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சார்லி டக்ளஸ், பதிவு செய்த சிரிப்புகளைத் தேவைக்கேற்ப விசை தட்டிச் சேர்க்கும் இயந்திரத்தை உருவாக்கினார். நாடகத் தொடர்களுக்கு அது உதவியிருக்கலாம். எங்கள் உருப்படியில் சிரிப்பு எப்போது எழுந்து எப்போது அடங்குகிறது என்பதை வைத்துத்தான் நான் அடுத்த சொல்லைச் சொல்கிறேன், அடுத்த அடியை எடுத்து வைக்கிறேன். அரங்கின் உண்மையான சிரிப்பை நீக்கிவிட்டுச் சேமித்து வைத்த சிரிப்பைப் பொருத்தினால், நான் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்பதே திரையில் புரியாமல் போகும். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஏதும் தேவையில்லை. பார்வையாளர் இருக்கைகளுக்கு மேல் தரமான மைக்குகளைத் தொங்கவிட்டு, அந்த ஒலியைத் தனித் தடத்தில் பதிவு செய்தால் போதும்.

இனிச் சொல்லப்போவது என்னை நீண்ட காலமாக உறுத்திக்கொண்டிருப்பது.

வித்தை தவறிவிட்டதுபோல் நடிப்பது நகைச்சுவை மேஜிக்கின் மிகப் பழைய, மிகக் கடினமான பிரிவு. அமெரிக்காவில் கார்ல் பாலன்டைன் வித்தைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போவதையே தன் முழு நிகழ்ச்சியாக்கிப் புகழ்பெற்றார். பிரிட்டனில் டாமி கூப்பர், தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பியோடு, எதுவும் சரியாக வராத வித்தைக்காரராகப் பல ஆண்டுகள் தொலைக்காட்சி நேயர்களைச் சிரிக்க வைத்தார். அவர் உண்மையில் கைதேர்ந்த வித்தைக்காரர் என்பதை வித்தை தெரிந்தவர்கள் அறிவார்கள். சரியாகச் செய்யத் தெரிந்தவரால்தான் அவ்வளவு துல்லியமாகத் தவறவிட முடியும். 1984 ஏப்ரல் 15 அன்று லண்டனில் ஓர் அரங்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பான நிகழ்ச்சியின் நடுவே, நீண்ட அங்கி ஒன்றை அணிந்துகொண்ட சிறிது நேரத்தில் அவர் மேடையிலேயே மாரடைப்பால் சரிந்தார். திரைச்சீலையோடு ஒட்டி உட்கார்ந்த நிலையில் அவர் துவண்டுகொண்டிருந்தபோது, அதுவும் வித்தையின் ஒரு பகுதி என்று எண்ணிய அரங்கம் சிரித்துக்கொண்டிருந்தது. அருகில் இருந்த சக கலைஞர்களுக்கும் முதலில் புரியவில்லை. இயக்குநர் விளம்பர இடைவேளைக்குப் போகச் சொன்னார். கூப்பர் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 63.

அன்று சிரித்தவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர்களை அப்படிச் சிரிக்கப் பழக்கியதே அவருடைய கலையின் வெற்றி. எங்களுக்குள் இருக்கும் கேள்வி வேறு. தவறு போலத் தெரிவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு உண்மையிலேயே ஏதேனும் நேர்ந்தால், அதை முதலில் அறிய வேண்டியவர் யார்? மேடைப் பொறுப்பாளரும் கட்டுப்பாட்டு அறையும்தான். ஆகவே பதிவு தொடங்கும் முன், இது நடிப்பு அல்ல, உடனே நிறுத்துங்கள் என்று பொருள்படும் ஒரு சைகையையும் ஒரு சொல்லையும் கலைஞரும் குழுவும் சேர்ந்து முடிவு செய்துகொள்ள வேண்டும். உருப்படியில் எப்படியும் வர வாய்ப்பில்லாத சொல்லாக அது இருக்க வேண்டும். கலைஞர் தரையில் விழும் இடம் உருப்படியில் உண்டா, உண்டென்றால் எத்தனை நொடிக்குள் எழுந்துவிடுவார் என்பது குறிப்புத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நெருப்பு, கூரிய கருவி, பூட்டிய பெட்டி இவற்றில் ஏதேனும் இருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. நான் பணியாற்றிய இடங்களில் இப்படி ஒரு சைகை இருக்கிறதா என்று தாமாகக் கேட்ட மேடைப் பொறுப்பாளர் இதுவரை ஒருவர்தான். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நேரத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இந்திய வித்தைக்காரர் பி.சி. சர்க்கார் 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசி தொலைக்காட்சியில், ஓர் இளம்பெண்ணை மேசையில் கிடத்தி மின்ரம்பத்தால் அறுக்கும் வித்தையைச் செய்தார். அறுத்து முடித்த பிறகு அவர் அந்தப் பெண்ணை எழுப்பிப் பார்த்தார், எழவில்லை. அந்த இடத்தில் நிகழ்ச்சியின் நேரம் முடிந்துவிட, தொகுப்புரை வழங்கிய ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து நேயர்களிடம் விடைபெற்றார். திரையில் ஒரு கொலையைக் கண்டுவிட்டதாகப் பதறிய மக்களின் தொலைபேசி அழைப்புகளால் பிபிசி திணறியது. நேரக் கணக்கில் மிகக் கூர்மையானவர் என்று பெயர்பெற்ற சர்க்கார் இதைத் திட்டமிட்டே செய்தார் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியே இருந்தாலும் அது அவருடைய முடிவு, அவருடைய கணக்கு. முடிவுக் காட்சி இல்லாத வித்தை பார்ப்பவர் மனத்தில் எத்தகைய அதிர்ச்சியாகப் பதியும் என்பதை அவர் அறிந்திருந்தார். எங்கள் உருப்படிகளில் அந்த முடிவைக் கலைஞரிடம் கேட்காமல் வேறொருவர் எடுக்கிறார். ஏழு நிமிடம் என்று ஒப்புக்கொண்டு, பதிவு நாளில் முந்தைய பகுதிகள் நீண்டுவிட்டதால் நான்கு நிமிடத்தில் முடித்துவிடுங்கள் என்று மேடைக்கு ஏறும் முன் காதில் சொல்லப்பட்ட அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு. நான்கு நிமிடம்தான் இருக்கிறது என்று முந்தைய நாளே சொல்லுங்கள். நான்கு நிமிடத்துக்கென்றே அமைந்த வேறு உருப்படியைக் கொண்டுவருகிறேன். ஏழு நிமிட உருப்படியை யாராலும் அவசரமாக ஓட்டி நான்கு நிமிடமாக்க முடியாது, ஏனெனில் நான் கையை வேகமாக அசைக்கலாம், அரங்கத்தை வேகமாகச் சிரிக்க வைக்க முடியாது.

மேடைக்கு அழைக்கப்படும் பார்வையாளரைப் பற்றி நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன். அவர் தோற்றத்தையோ பேச்சையோ வைத்துக் கேலி செய்யுங்கள், அதுதான் துணுக்காகப் பரவும் என்று கேட்ட தயாரிப்பாளர்கள் உண்டு. அதை நான் ஒருபோதும் செய்ததில்லை, இனியும் செய்ய மாட்டேன். நம்பி மேலே வருபவர், மேடையில் இருக்கும் வரை என் விருந்தினர். பதற்றமும் தடுமாற்றமும் நான் ஏற்றிருக்கும் பாத்திரத்துக்கு உரியவை. இறுதியில் கிடைக்கும் கைதட்டல் அவருக்கும் உரியது. அவரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லி வைத்துவிடலாமே என்ற யோசனையையும் ஏற்க மாட்டேன். அப்படிச் செய்தால் நாங்கள் இருவரும் சேர்ந்து நேயரை ஏமாற்றியவர்கள் ஆவோம், அங்கே வித்தை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

வித்தையின் உட்பொருளை வெளிப்படுத்தும்படி கேட்பது அண்மைக்காலத்தில் கூடியிருக்கிறது. 1997-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் முகமூடி அணிந்த ஒருவர் பெரிய வித்தைகளின் இரகசியங்களைக் காட்டியது முதல், வெளிப்படுத்துவதே நிகழ்ச்சி என்ற எண்ணம் இத்துறையில் தங்கிவிட்டது. ஆனால் இதற்கு நேர் எதிரான வழியும் வெற்றி பெற்றிருக்கிறது. 2011 முதல் பென், டெல்லர் என்ற இரட்டையர் நடத்தும் போட்டி நிகழ்ச்சியில், போட்டியிடும் வித்தைக்காரரின் இரகசியத்தைத் தாங்கள் கண்டுபிடித்துவிட்டால் அதை அந்த இருவரும் அவருக்கு மட்டும் புரியும் குறிப்புச் சொற்களில் சொல்கிறார்கள். நேயருக்கு வியப்பும் குறைவதில்லை, கலைஞருக்கு மதிப்பும் குறைவதில்லை. உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு கிண்ணமும் பந்தும் வித்தையைச் செய்து, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் பின்தொடர முடியாமல் செய்தவர்களும் இவர்களே. எதை வெளியிடலாம், எதைக் காக்க வேண்டும் என்பதை வித்தையை வாழ்க்கையாகக் கொண்டவர்களிடம் விட்டுவிட்டால் இத்தகைய நுட்பம் சாத்தியமாகிறது.

ஒப்பந்தங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நடனக் கலைஞர் ஒரே நடனத்தைப் பலமுறை ஆடலாம். கண்டவர்கள் மீண்டும் காண விரும்புவார்கள். என் உருப்படியின் முடிவை ஒருமுறை கண்டவருக்கு அது மறுமுறை அதே வியப்பைத் தராது. அப்படியிருக்க, எல்லா ஊடகங்களிலும் என்றென்றைக்கும், எப்படி வேண்டுமானாலும் சுருக்கியும் மாற்றியும் வெளியிடும் உரிமையை ஒரே வரியில் எழுதி வாங்கிக்கொள்கிறீர்கள். பிறகு, ஏழு நிமிட உருப்படியின் கடைசி 20 நொடி மட்டும் தனித் துணுக்காக இணையத்தில் சுற்றுகிறது. சட்டமும் எங்களை ஓரளவுக்கே காக்கிறது. நான் சற்று முன் குறிப்பிட்ட டெல்லர், ஒரு பூவின் நிழலை வெட்டும்போது பூவின் இதழ்கள் உதிரும் தன் உருப்படியைப் பார்த்துச் செய்த ஒருவர் மீது தொடுத்த வழக்கில், 2014-இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வித்தையின் செயல்முறைக்குப் பதிப்புரிமை கிடையாது என்றாலும், மேடையில் நிகழ்த்தப்படும் நாடக வடிவத்துக்கு அது உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. 1983-லேயே அவர் அதை நாடகப் படைப்பாகப் பதிவு செய்து வைத்திருந்தார். சட்டம் காப்பது எதை என்று பாருங்கள்: பேச்சு, பாவனை, நடை, இடைவெளி, வரிசை. உங்கள் தொகுப்பு மேசையில் முதலில் வெட்டப்படுபவையும் இவைதாம். துணுக்குகளை வெளியிடும் முன் கலைஞரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், எங்களில் பெரும்பாலோர் மற்ற விதிகளை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்வோம்.

உங்கள் சிரமங்களையும் நான் அறிவேன். ஒரே நாளில் இரண்டு, மூன்று பகுதிகளைப் பதிவு செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. நேயர் அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவாரோ என்ற அச்சம் உங்களை ஒவ்வொரு நொடியும் துரத்துகிறது. ஐந்து நொடிக்கு ஒருமுறை காட்சியை மாற்றாவிட்டால் மந்தமாகிவிடும் என்று தொகுப்பாளர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பாட்டுக்கும் நடனத்துக்கும் அது பொருந்தலாம். ஒரு மனிதர் தன் மோதிரத்தைத் தொலைத்துவிட்ட இன்னொரு மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கவலைப்படும் காட்சியை, அசையாத ஒரே கேமராவில் நான்கு நிமிடம் காட்டினாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். மேடையில் ஒவ்வொரு வாரமும் இதைக் கண்ணால் காண்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக்கு ஒரு வாரம் முன்பே உருப்படியின் குறிப்புத் தாளை அனுப்புகிறேன். எந்தெந்த இடங்களில் தாராளமாக வெட்டலாம், எங்கிருந்து எதுவரை வெட்டக்கூடாது, எந்தக் கணத்தில் பார்வையாளர் மீது கேமரா தயாராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் நொடிக் கணக்கோடு இருக்கும். இரகசியம் எதையும் கேட்காமலே ஒளிப்பதிவாளர் பணியாற்றும்படி அதை எழுதியிருப்பேன். பதிவு நாளில் மற்றவர்களுக்கு முன்பே வந்து, கேமராக்களோடு ஒருமுறை முழு ஒத்திகை பார்க்கிறேன். அதற்குத் தனி ஊதியம் கேட்க மாட்டேன். ஜிம்மி ஜிப் என்னும் கேமராக் கிரேன் எந்த உயரத்துக்கு மேல் போகக்கூடாது, பின்னாலுள்ள எல்இடி திரையில் எவ்வளவு வெளிச்சம் இருக்கலாம், காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரை எந்தப் பையில் வைத்தால் என் வேலைக்கு இடையூறாகாது என்பதை அந்த அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடலாம். தொகுப்பு முடிந்ததும் என் பகுதியை மட்டும் ஒருமுறை எனக்குப் போட்டுக் காட்டுங்கள். என் முகம் அழகாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன். எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பேன்.

அந்த மோதிர உருப்படியை நான் இன்னும் மேடையில் செய்துகொண்டிருக்கிறேன். உங்களில் யாரேனும் அதை முழுமையாக, அந்த நான்கு நிமிடத் தேடலோடு ஒளிபரப்ப முன்வந்தால், குறிப்புத் தாள் தயாராக இருக்கிறது.

மிக்க மரியாதையுடன்,
ஒரு நகைச்சுவை மேஜிக் கலைஞர்